முடிந்துபோன சண்டைக்கு 201 பேர் பலி!

கடலூர் கடலில் நடந்த பாய்மரக் கப்பல் போர்
கம்ப்யூட்டர் "கேப்டன்"களின் புலம்பலும் அன்றைய கேப்டன்களின் புலம்பலும் ஒன்றே!

கடலூர்:-

சண்டை முடிந்து 5 மாதம் ஆகிவிட்டது. சமாதானப் பத்திரத்தில் கையெழுத்தும் ஆகிவிட்டது. ஆனால் அந்தச் சேதி மட்டும் கடலூருக்கு வந்து சேரவில்லை.

சேதி தெரியாமல் 33 போர்க்கப்பல்கள் மோதிக்கொண்டன. 3 மணி நேரம் குண்டு மழை பொழிந்தது. 201 பேர் செத்தார்கள். 820 பேர் காயம் அடைந்தார்கள்.

இது எங்கோ சீமையில் நடந்த கதை அல்ல. கடலூருக்கு எதிரே உள்ள கடலில் 1783-ம் ஆண்டு ஜூன் மாதம் 20-ந்தேதி நடந்தது.

இன்று அதே மாதிரி பாய்மரக் கப்பல் சண்டையை இளைஞர்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் போடுகிறார்கள். தோற்றால் புலம்புகிறார்கள். ஜெயித்தால் எதிரியைக் கிண்டல் செய்கிறார்கள்.

அவர்கள் புலம்புவதற்கும், 240 ஆண்டுகளுக்கு முன் கடலூர் கடலில் நிஜக் கேப்டன்கள் புலம்பியதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. ஒரே ஒரு வித்தியாசம்தான். அன்று செத்தவன் எழுந்திருக்கவில்லை.

அதன் விவரம் வருமாறு:-

கம்ப்யூட்டரில் கப்பல்

பாய்மரக் கப்பல் காலத்துப் போரை வைத்துப் பல கம்ப்யூட்டர் விளையாட்டுகள் வந்துள்ளன. அதில் ஒன்று "நேவல் ஆக்ஷன்". 2016-ம் ஆண்டு ஜனவரியில் அரைகுறையாக வெளிவந்து, 2019-ம் ஆண்டு ஜூன் மாதம் முழு வடிவத்தில் வந்தது. பல நாட்டுக்காரர்களும் இன்டர்நெட் வழியாக ஒரே கடலில் கப்பல் ஓட்டலாம். அந்தக் கடல் அமெரிக்கா பக்கத்தில் உள்ள கரீபியன் கடல்.

சும்மா பட்டனைத் தட்டினால் ஓடும் கப்பல் அல்ல இது. காற்று எந்தத் திசையில் அடிக்கிறது என்று பார்க்க வேண்டும். பாயைத் திருப்ப வேண்டும். கப்பல் உடம்பை உடைக்க ஒரு குண்டு, பாயையும் கயிற்றையும் அறுக்கச் சங்கிலிக் குண்டு, மேல்தளத்து ஆட்களைச் சாய்க்கச் சில்லுக் குண்டு என்று பார்த்துப் போட வேண்டும்.

கஷ்டப்பட்டுச் சேர்த்த கப்பல் ஒரு சண்டையில் மூழ்கிப் போகலாம். அப்போது கிளம்பும் பாருங்கள் புலம்பல்!

"காத்து எதிர்ல அடிச்சா நான் என்னய்யா பண்றது?" என்பான் ஒருவன்.

"கூட வந்தவனுங்க பின்னாடியே நின்னுட்டானுங்க" என்பான் இன்னொருவன்.

"பாதியில கழண்டுக்கிட்டான்", "கொடிய எறக்கிட்டான்", "நெட்டு இழுக்குது, நான் சுட்டது அவனுக்குப் போய்ச் சேரவே இல்ல" என்று வரிசையாக வரும்.

"ஓட்டத் தெரியாதவனுக்குக் காத்து மேல பழி" என்று எதிர்த்தரப்பு நக்கல் அடிக்கும்.

விளையாட்டைத் தயாரித்தவர்களிடமும் குறை சொல்வார்கள். "காத்த மாத்து, பீரங்கிய மாத்து" என்பார்கள். தயாரிப்பாளர்களும் சிலதை மாற்றுவார்கள். மாற்றியது பிடிக்காமல் வேறு கூட்டம் சத்தம் போடும்.

மேஜை மேல் கப்பல்

இந்த வழக்கம் கம்ப்யூட்டரோடு வந்தது அல்ல.

ஸ்காட்லாந்தில் ஜான் கிளார்க் என்று ஒருவர் இருந்தார். வியாபாரி. நிலக்கரிச் சுரங்கமும் நடத்தியவர். கடற்படையில் ஒருநாள்கூட வேலை பார்த்தவர் அல்ல. ஆனால் கப்பல் சண்டை என்றால் உயிர்.

மரத்தில் சின்னச் சின்னக் கப்பல்கள் செய்து மேஜை மேல் வைத்து நகர்த்துவார். "இந்த அட்மிரல் இப்படிப் போனது தப்பு, அப்படிப் போயிருக்க வேண்டும்" என்று குறை கண்டுபிடிப்பார். கடைசியில் அதைப் புத்தகமாகவே எழுதிவிட்டார். அது முதலில் அச்சானது 1782-ம் ஆண்டு.

அதாவது, நம் கடற்கரையில் நிஜச்சண்டை நடந்துகொண்டிருந்த அதே ஆண்டு!

அவர் சொன்ன முக்கியமான குறை இதுதான். இரு தரப்பும் கப்பல்களை ரெயில் பெட்டி மாதிரி நீளமாக வரிசைகட்டி நிறுத்தி, எதிரும் புதிருமாகச் சுட்டுக்கொள்கிறார்கள். ஆள் சாகிறான். முடிவு மட்டும் வருவது இல்லை.

கடலூர் கடலில் நடந்ததும் அதுவேதான்.

குண்டு விழுந்த வரை சொந்தம்

கடலூரில் வெள்ளைக்காரர்களுக்கு என்ன வேலை?

தேவனாம்பட்டினத்தில் கெடிலம் ஆறு கடலில் சேரும் இடத்தின் பக்கத்தில் செயின்ட் டேவிட் கோட்டையின் இடிபாடு இருக்கிறது. 1690-ம் ஆண்டு செஞ்சியில் இருந்த மராட்டியர்களிடம் ஆங்கிலேயக் கம்பெனி இதை விலைக்கு வாங்கியது. அப்போது சென்னை கவர்னர் எலிகு யேல். அமெரிக்காவில் உள்ள யேல் பல்கலைக்கழகத்தின் பெயர் இவருடையதுதான்.

பேரத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. கோட்டையில் இருந்து பீரங்கி சுட வேண்டும். குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள நிலம் கம்பெனிக்குச் சொந்தம் என்று பேச்சு. நல்ல பீரங்கியாகப் பார்த்து வைத்துச் சுட்டார்கள். சுற்றுவட்டாரக் கிராமங்கள் எல்லாம் ஒரே நாளில் கைமாறின. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப் பெயரே அந்தக் குண்டால் வந்தது என்று இந்தப் பகுதியில் சொல்வார்கள்.

1746-ம் ஆண்டு பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். அதன் பிறகு 1752-ம் ஆண்டு வரை இந்தக் கோட்டைதான் கம்பெனிக்குத் தென்னாட்டுத் தலைநகர்.

வடக்கே கூப்பிடு தூரத்தில் பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரி. தெற்கே ஆங்கிலேயரின் கடலூர். இரண்டு பேரும் சண்டைக்காரர்கள். பிறகு கடல் எப்படி அமைதியாக இருக்கும்?

புலம்பல் நெம்பர் 1: "பின்னாடியே நின்னுட்டானுங்க!"

1758-ம் ஆண்டு ஏப்ரல் 28-ந்தேதி. பிரெஞ்சு அட்மிரல் தாஷே, கப்பல் படையோடு கோட்டைக்கு முன்னால் வந்து நின்றார். கோட்டை ஓரம் நின்ற "ட்ரைட்டன்", "பிரிட்ஜ்வாட்டர்" என்ற இரு ஆங்கிலக் கப்பல்கள் தப்ப முடியாமல் மாட்டிக்கொண்டன. எதிரி கையில் சிக்கக் கூடாது என்று மாலுமிகளே அவற்றைக் கரையில் மோதித் தீ வைத்தார்கள்.

மறுநாள் ஆங்கில அட்மிரல் போக்காக் 7 கப்பல்களோடு வந்தார். சண்டை மூண்டது.

போக்காக் முன்னால் பாய்ந்து எதிரியின் தலைமைக் கப்பலோடு மோதினார். திரும்பிப் பார்த்தால், பின்வரிசையில் வர வேண்டிய 3 கப்பல்கள் தூரத்திலேயே நின்றன!

அந்த 3 கேப்டன்கள் மீதும் பிறகு கடற்படைக் கோர்ட்டில் விசாரணை நடந்தது. ஒருவருக்கு வேலை போயிற்று. ஒருவரிடம் இருந்து கப்பல் பறிக்கப்பட்டது. மூன்றாமவருக்கு ஒரு வருட சீனியாரிட்டி வெட்டு.

ஆங்கிலேயர் தரப்பில் 29 பேர் பலி. பிரெஞ்சுத் தரப்பில் 162 பேர் பலி. ஆங்கிலேயர் கப்பலின் உடம்பைப் பார்த்துச் சுட்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் பாயையும் மரத்தையும் பார்த்துச் சுட்டார்கள். சாவுக் கணக்கு இப்படி ஏறுமாறாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

ஆள் சேதம் அதிகம் என்றாலும் காரியம் பிரெஞ்சுக்காரர்களுக்கே பலித்தது. தளபதி லாலி தரையில் இறங்கிக் கடலூரைப் பிடித்தார். ஜூன் 2-ந்தேதி கோட்டையும் விழுந்தது. பிறகு அதைத் தகர்த்துவிட்டார்கள். இன்று தேவனாம்பட்டினத்தில் சிதைந்து கிடப்பதற்குக் காரணம் அதுதான்.

புலம்பல் நெம்பர் 2: "பாதியில கழண்டுக்கிட்டான்!"

1781-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். மைசூர் ஹைதர் அலி, கம்பெனியை உண்டு இல்லை என்று ஆக்கிக்கொண்டிருந்த நேரம்.

ஆங்கிலத் தளபதி அயர் கூட், தன் படையோடு கடலூரில் சிக்கிக்கொண்டார். தரை வழியை ஹைதர் அடைத்துவிட்டார். கடல் வழியாகத்தான் அரிசி வர வேண்டும். அந்தச் சமயம் பார்த்துப் பிரெஞ்சு அட்மிரல் தோர்வ், கப்பல் படையோடு எதிரே வந்து நின்றார்.

தரையில் ஹைதர். கடலில் பிரெஞ்சு. கூட் படைக்குப் பட்டினிதான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

"கொஞ்ச நாள் நில்லுங்கள், வேலை முடிந்துவிடும்" என்று ஹைதர் தரப்பில் எவ்வளவோ கேட்டுப் பார்த்தார்கள். தோர்வ் கேட்கவில்லை. பிப்ரவரி மத்தியில் பாயை விரித்து மொரீசியஸ் பக்கம் போய்விட்டார்!

கூட் பிழைத்தார். கடல் வழியாக அரிசி வந்தது.

தரையில் வெள்ளைக்காரனை ஜெயிக்கலாம், கடலை வற்றவைக்க முடியாதே என்ற கருத்தில் ஹைதர் அலி வருத்தப்பட்டதாகச் சொல்வார்கள். அதன் அர்த்தம் கடலூருக்கு வந்து பார்த்தவர்களுக்குத்தான் புரியும்.

சிதம்பரம் கோயிலில் பீரங்கி

கூட் சும்மா இருக்கவில்லை. அதே ஆண்டு ஜூன் 18-ந்தேதி சிதம்பரம் மேல் பாய்ந்தார். அங்கே நடராஜர் கோயிலுக்குள் ஹைதரின் ஆட்கள் தானியத்தோடும் ஆயுதத்தோடும் இருந்தார்கள். கோயில் மதிலே கோட்டை மதில் ஆகிவிட்டது.

வெளிச்சுற்றுவரை கூட்டின் படை போய்விட்டது. உள்வாசலில் செம்மையாக அடி விழுந்தது. பலரைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பினார்கள்.

அங்கிருந்து கூட் போன இடம் பரங்கிப்பேட்டை. காரணம்? அங்கேதான் கடல் இருக்கிறது. கப்பல் வரும். சாப்பாடு வரும்.

ஜூலை 1-ந்தேதி பரங்கிப்பேட்டையில் பெரிய சண்டை. ஹைதருடைய படை கூட்டின் படையைவிடப் பல மடங்கு பெரியது. ஆனால் கரையோரமாக வந்து நின்ற ஒரு சின்ன ஆங்கிலப் பாய்க்கப்பல், ஹைதரின் குதிரைப்படை மேல் குண்டு போட்டது. கூட் ஜெயித்தார்.

சிதம்பரத்தில் கப்பல் இல்லை, தோற்றார். நாலு மணி நேரம் நடந்தால் போய்விடும் பரங்கிப்பேட்டையில் கப்பல் இருந்தது, ஜெயித்தார்.

புலம்பல் நெம்பர் 3: "கொடிய எறக்கிட்டான்!"

1782-ல் ஆள் மாறினார். பிரெஞ்சுத் தரப்பில் சுய்ப்ரேன் வந்தார். புதுச்சேரியில் சுய்ப்ரேன் வீதி என்று இருக்கிறதே, அந்தச் சுய்ப்ரேன்தான். ஆங்கிலத் தரப்பில் அட்மிரல் ஹியூஸ்.

இரண்டு பேரும் ஒன்றரை வருடத்தில் 5 முறை மோதினார்கள். சதுரங்கப்பட்டினம் அருகே முதல் மோதல். பிறகு இலங்கைக் கரையில். பிறகு நாகப்பட்டினத்தில். பிறகு திரிகோணமலையில். கடைசியாகக் கடலூரில்.

நாகப்பட்டினம் சண்டை நடந்தது 1782 ஜூலை 6-ந்தேதி. "செவேர்" என்ற பிரெஞ்சுக் கப்பல் மாட்டிக்கொண்டது. அதன் கேப்டன் பயந்துபோய்க் கொடியை இறக்கிவிட்டார். கொடியை இறக்கினால் சரணாகதி என்று அர்த்தம்.

ஆனால் கீழே இருந்த அதிகாரிகள் ஒப்புக்கொள்ளவில்லை. மறுபடி கொடியை ஏற்றிவிட்டுச் சண்டையைத் தொடர்ந்தார்கள். கப்பல் தப்பியது!

சண்டை முடிந்ததும் சுய்ப்ரேன் கொதித்துப் போனார். அந்தக் கேப்டனையும், சரியாகச் சண்டை போடாத வேறு சிலரையும் பதவியில் இருந்து இறக்கி மொரீசியசுக்கு அனுப்பினார்.

அதே மாதம் கடலூர் அருகே சுய்ப்ரேனும் ஹைதர் அலியும் நேரில் சந்தித்தார்கள். சுய்ப்ரேன் நல்ல பருமனான ஆள். நம் ஊர் முறைப்படி கீழே உட்கார முடியாமல் நெளிந்தாராம். அதைப் பார்த்த ஹைதர், மரியாதை முறையெல்லாம் வேண்டாம், வசதிப்படி உட்காருங்கள் என்று சொன்னதாக ஒரு கதை உண்டு.

செப்டம்பர் 3-ந்தேதி திரிகோணமலைச் சண்டை. மறுபடியும் சில கப்பல்கள் கைகொடுக்கவில்லை. எல்லோரும் கைவிட்டுவிட்டார்கள், மனம் உடைந்துவிட்டது என்ற கருத்தில் சுய்ப்ரேன் கடிதம் எழுதினார். அடுத்த மாதம் கடலூருக்குத் திரும்பியபோது "பிஸார்" என்ற பெரிய கப்பல் கரைக்கு மிக அருகே போய்த் தரைதட்டி உடைந்தது.

கம்ப்யூட்டரில் கப்பலை இழந்தவன் இரவு தூங்குவதில்லை. சுய்ப்ரேனுக்கு எப்படி இருந்திருக்கும்?

புலம்பல் நெம்பர் 4: "காத்து எதிர்ல அடிக்குது!"

இப்போது 1783 ஜூன் மாதம்.

கடலூர் அப்போது பிரெஞ்சுக்காரர்கள் கையில். உள்ளே தளபதி புஸ்ஸி. இவர் பெயரிலும் புதுச்சேரியில் வீதி உண்டு. மைசூர்ப் படையும் அவரோடு இருந்தது. வெளியே ஆங்கிலத் தளபதி ஸ்டூவர்ட் முற்றுகை போட்டிருந்தார். 13-ந்தேதி நடந்த தரைச்சண்டையில் ஆங்கிலத் தரப்பில் மட்டும் செத்தவர்களும் காயம்பட்டவர்களும் ஆயிரத்தை ஒட்டி இருந்தார்கள்.

முற்றுகைக்குக் காவலாக ஹியூசின் கப்பல் படை பரங்கிப்பேட்டைப் பக்கம் நங்கூரம் போட்டிருந்தது. 18 பெரிய கப்பல்கள். சுய்ப்ரேன் திரிகோணமலையில் இருந்து 15 கப்பல்களோடு வந்தார்.

கப்பல் கணக்கில் ஹியூஸ் கை ஓங்கி இருந்தது. ஆனால் கப்பலுக்குள் நிலைமை மோசம். குடிதண்ணீர் தட்டுப்பாடு. மாலுமிகளுக்கு "ஸ்கர்வி" நோய். பச்சைக் காய்கறி, பழம் இல்லாமல் மாதக்கணக்கில் கடலில் கிடந்தால் வரும் நோய் இது. ஈறு வீங்கி ரத்தம் கசியும். பல் ஆடும். பழைய புண்கூட வாய் திறக்கும். எலுமிச்சைச் சாற்றைக் கொடுத்தால் குணமாகும். ஆங்கிலக் கடற்படை அதை எல்லோருக்கும் கொடுக்க ஆரம்பித்தது 1795-ல்தான்.

கடலூர் மார்க்கெட்டில் கூடை கூடையாகக் கிடக்கும் எலுமிச்சையும் நெல்லிக்காயும் எதிரே கடலில் இருந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை.

சுய்ப்ரேனுக்கும் ஆள் பற்றாக்குறை. அவர் 17-ந்தேதி கடலூர்க் கரைக்கு வந்து, புஸ்ஸியிடம் 1,200 சிப்பாய்களைக் கடன் வாங்கிக் கப்பல்களில் ஏற்றிக்கொண்டார். பாதிப்பேர் வெள்ளையர். பாதிப்பேர் நம் நாட்டுச் சிப்பாய்கள். பீரங்கி இழுக்க அவர்கள் கை தேவைப்பட்டது.

அதென்ன காற்று?

பாய்மரக் கப்பலுக்கு எஞ்சின் கிடையாது. காற்று வரும் பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர் ராஜா. எப்போது நெருங்குவது, எவ்வளவு நெருங்குவது என்று அவர்தான் முடிவு செய்வார். மறுபக்கம் இருப்பவர் காத்துக்கிடக்க வேண்டியதுதான். பீரங்கிப் புகையும் அவர் கண்ணில்தான் அடிக்கும்.

தேவனாம்பட்டினம் மீனவர்களைக் கேட்டால் தெரியும். ஜூன் மாதம் நிலத்தில் இருந்து மேல்காற்று அடிக்கும். கச்சான் என்பார்கள். மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று திரும்பும்.

ஹியூஸ் அந்தக் கடல்காற்றைத்தான் நம்பி இருந்தார். அது திரும்பினால் அவர் கை ஓங்கும். ஒரு நாள் பார்த்தார். இரண்டு நாள் பார்த்தார். மூன்று நாள் பார்த்தார். காற்று திரும்பவே இல்லை. விடாமல் மேற்கில் இருந்தே அடித்தது. கரைப்பக்கம் இருந்த சுய்ப்ரேனுக்கு அதிர்ஷ்டம்.

"காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்பது களத்துமேட்டுப் பழமொழி. சுய்ப்ரேன் அதைக் கடலில் செய்தார்.

20-ந்தேதி சாயங்காலம் 4 மணிக்கு மேல் முதல் பீரங்கி முழங்கியது. 33 கப்பல்களும் இரண்டு வரிசையாக நின்று சுட்டுக்கொண்டன. இருட்டும்வரை ஓயவில்லை.

இதில் ஒரு விசேஷம். சுய்ப்ரேன் பெரிய போர்க்கப்பலில் இல்லை. "கிளியோபாத்ரா" என்ற சிறு கப்பலில் இருந்து உத்தரவு போட்டார். அது ராஜா உத்தரவு. முந்தைய வருடம் கரீபியன் கடலில் நடந்த சண்டையில் ஒரு பிரெஞ்சு அட்மிரல், தன் கப்பலோடு எதிரியிடம் பிடிபட்டுவிட்டார். அதனால் இனி அட்மிரல்கள் வரிசைக்கு வெளியே நிற்க வேண்டும் என்று கட்டளை.

கம்ப்யூட்டர் விளையாட்டுக்காரர்கள் சண்டை போடுவதும் அதே கரீபியன் கடலில்தான்!

இருட்டியதும் சண்டை நின்றது. கணக்குப் பார்த்தார்கள். ஆங்கிலேயர் 99 பேர் பலி, 434 பேர் காயம். பிரெஞ்சுக்காரர் 102 பேர் பலி, 386 பேர் காயம்.

மூழ்கிய கப்பல்? ஒன்றுகூட இல்லை. பிடிபட்ட கப்பல்? அதுவும் இல்லை. மேஜை மேல் மரக்கப்பல் நகர்த்திய கிளார்க் சொன்னது பலித்துவிட்டது.

நோயாளிகளையும் தண்ணீர்ப் பஞ்சத்தையும் தாங்க முடியாமல் ஹியூஸ் சென்னைக்குப் போய்விட்டார். கடலூருக்கு வெளியே முற்றுகை போட்டவர்கள் கப்பல் துணை இல்லாமல் தவித்தார்கள். 25-ந்தேதி பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையை விட்டு வெளியே வந்து தாக்கினார்கள். அது பலிக்கவில்லை. இன்னும் பலர் செத்தார்கள்.

புலம்பல் நெம்பர் 5: "நெட்டு இழுக்குது!"

ஜூன் 29-ந்தேதி. "மெடியா" என்ற ஆங்கிலக் கப்பல் வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டு கடலூருக்கு வந்தது.

அதில் வந்த சேதி:- இங்கிலாந்தும் பிரான்சும் சமாதானம் ஆகிவிட்டன!

கையெழுத்தான தேதி என்ன தெரியுமா? 1783 ஜனவரி 20. இடம் பிரான்சில் உள்ள வெர்சேல்ஸ் நகரம்.

கடலூர்ச் சண்டை நடந்தது ஜூன் 20. கணக்காக 5 மாதம். ஒரு நாள் கூட இல்லை, குறையவும் இல்லை.

ஐரோப்பாவில் இரு தரப்பும் கை குலுக்கி 5 மாதம் ஆன பிறகு, அவர்களுடைய ஆட்கள் கடலூர் கடலில் கழுத்தை அறுத்துக்கொண்டிருந்தார்கள். கடன் வாங்கி ஏற்றிய நம் நாட்டுச் சிப்பாய்களும் அதே கப்பல்களில்தான் நின்றார்கள். எந்த ராஜாவுக்கும் எந்த ராஜாவுக்கும் சண்டை, எப்போது சமாதானம் என்று அவர்களிடம் யார் சொன்னார்கள்?

ஜூலை 2-ந்தேதி துப்பாக்கிகள் ஓய்ந்தன. பிறகு உடன்படிக்கைப்படி கடலூர் ஆங்கிலேயரிடமே திரும்பியது. மூன்று வாரம் அடித்துக்கொண்டது எல்லாம் வீண்.

கம்ப்யூட்டரில் ஒரு விநாடி நெட் இழுத்தால் விளையாடுகிறவன் மேஜையைக் குத்துகிறான். கடலூரில் 5 மாதம் இழுத்தது. 201 பேர் போனார்கள்.

மறுபடியும் சேதி வரவில்லை

சேதி தாமதத்தால் இந்தக் கடற்கரை அழுதது அதோடு முடியவில்லை.

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந்தேதி காலை 6.29 மணிக்கு சுமத்ரா தீவு அருகே கடலுக்கு அடியில் பூகம்பம். சுனாமி இங்கே வந்து சேர சுமார் 2 மணி நேரம் பிடித்தது. கரையை விட்டு ஓட அந்த நேரம் தாராளமாகப் போதும். ஆனால் தேவனாம்பட்டினத்துக்கு யாரும் சேதி சொல்லவில்லை. அதைச் சொல்ல ஏற்பாடே அப்போது நம் நாட்டில் இல்லை. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டவர்கள் பலியானார்கள்.

அதற்குப் பிறகுதான் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. 2007-ம் ஆண்டு முதல் அது வேலை செய்கிறது.

இன்று புயல் சின்னம் உருவானால் கடலூர் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறுகிறது. 1-ம் நெம்பரா, 3-ம் நெம்பரா என்று பார்த்துவிட்டுத்தான் மீனவர்கள் படகை எடுக்கிறார்கள். "கூண்டு ஏத்துறாங்க, ஆனா புயல் வேற பக்கம் போயிடுது" என்று சிலர் சலித்துக்கொள்வதும் உண்டு. வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி யார் கொடுப்பது என்ற கேள்வி நியாயம்தான். ஆனாலும் வராத புயலுக்கு ஏறிய கூண்டால் யாரும் சாவது இல்லை. வந்ததைச் சொல்லாததால் செத்தவர்கள்தான் இந்தக் கரையில் அதிகம்.

புதுச்சேரியில் சுய்ப்ரேனுக்கு வீதி இருக்கிறது. புஸ்ஸிக்கு வீதி இருக்கிறது. 1758-ல் கோட்டையை உடைத்த லாலிக்கும் வீதி இருக்கிறது. கூலிக்குப் பீரங்கி இழுத்துக் கடலோடு போனவர்கள் பெயரில் எந்தத் தெருவும் இல்லை.

கம்ப்யூட்டரில் கப்பல் மூழ்கினால் இன்னொரு கப்பல் கட்டிக்கொள்ளலாம். காற்றைத் திட்டலாம். கூட வந்தவனைத் திட்டலாம். மறுநாள் அவனோடே மறுபடி கடலுக்குப் போகலாம்.

அடுத்த முறை விளையாடுகிற பிள்ளைகள், ஒரு நாள் சாயங்காலம் 4 மணிக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வந்து நிற்கலாம். மேல்காற்று அடிக்கிறதா, கடல்காற்று திரும்பிவிட்டதா என்று பார்க்கலாம். ஹியூஸ் மூன்று நாள் காத்திருந்தது அந்தக் காற்றுக்குத்தான்.